மார்பு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஆக்சிஜன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நுரையீரலின் ஒரு பகுதியை அகற்றுதல், உணவுக்குழாய் அறுவை, இதய பைபாஸ் என மார்பைத் திறந்து செய்யும் எந்தச் சிகிச்சைக்குப் பிறகும் நோயாளியின் மூக்கில் ஒரு குழாய் இருக்கும். கட்டிலருகே இருப்பவர்களின் கண்ணெல்லாம் மானிட்டரில் ஒளிரும் ஆக்சிஜன் எண்ணின் (ரத்தம் எத்தனை சதவீதம் ஆக்சிஜனால் நிறைந்திருக்கிறது என்பதன்) மேல்தான் இருக்கும். அந்த எண்ணை வைத்து எழும் கேள்விகளுக்கும், அதைத் தாண்டிக் கேட்க வேண்டிய சில கேள்விகளுக்கும் இங்கே பதில்கள் உள்ளன. இவை பொதுவானவை. உங்கள் உடல்நிலையைப் பார்த்து மருத்துவர் வேறாகச் சொன்னால் அதைத்தான் பின்பற்ற வேண்டும்.

நுரையீரலில் நோயே இல்லாதவருக்கும் அறுவைக்குப் பிறகு ஏன் ஆக்சிஜன் தேவைப்படுகிறது?

மயக்க மருந்து கொடுத்ததுமே உதரவிதானம் தளர்ந்து மேலே ஏறிவிடுகிறது. மூச்சை வெளியே விட்ட பிறகும் நுரையீரலில் வழக்கமாகத் தங்கும் காற்றின் அளவு குறைகிறது. அதனால் முதுகுப்பக்கம் தாழ்வாக இருக்கும் பகுதிகளில் காற்று நுண்ணறைகள் மூடிக்கொள்கின்றன. முழு மயக்கத்துக்கு உள்ளாகும் 10 பேரில் ஏறக்குறைய 9 பேருக்கு ஓரளவாவது இது நேர்கிறது. வயிற்றிலோ காலிலோ அறுவை செய்துகொண்டவருக்கும் இது பொருந்தும்.

மார்பு அறுவையில் கூடுதலாகச் சில சங்கடங்கள் உண்டு. நுரையீரல் அறுவையின்போது ஒரு பக்க நுரையீரலை வேண்டுமென்றே சுருங்க வைத்து, மறுபக்கத்தால் மட்டும் மூச்சு கொடுப்பார்கள். அறுவை முடிந்து அதை மறுபடி விரித்தாலும் அது முழுமையாகப் பழைய நிலைக்கு வரச் சில நாட்கள் ஆகும். விலா எலும்புகளுக்கு இடையே வெட்டியிருந்தால் ஒவ்வொரு மூச்சுக்கும் வலிக்கும். வலிக்குப் பயந்து நோயாளி மேலோட்டமாக மூச்சு விடுவார், இருமலை அடக்குவார். மூச்சுக்குழாயின் உட்புறச் சுவரில் சளியை மேலே தள்ளும் நுண்மயிர்களும் மயக்க மருந்தால் சோர்ந்து போயிருக்கும். சளி தேங்கும், நுண்ணறைகள் மேலும் மூடும், அங்கே கிருமி குடியேறினால் நிமோனியா.

மூடிய பகுதி வழியாக ஓடும் ரத்தம் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளாமலே இதயத்துக்குத் திரும்புகிறது. மானிட்டரில் எண் இறங்குவது பெரும்பாலும் இதனால்தான்.

ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டே இருந்தால் நுரையீரல் சிக்கல்கள் வராமல் தடுத்துவிடலாம் அல்லவா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். முடியாது. குறைந்தபட்சம், ஆக்சிஜனால் மட்டும் முடியாது.

உள்ளே மடிந்து ஒட்டிக்கொண்ட நுண்ணறை, நனைந்த பிளாஸ்டிக் பையைப் போன்றது. பக்கங்கள் ஒட்டிக்கொண்ட பிறகு அதன் வாயருகே எவ்வளவு தூய காற்றைக் கொண்டுபோய் வைத்தாலும் அது திறக்காது. உள்ளிருந்து அழுத்தம் வர வேண்டும். அந்த அழுத்தம் ஆழ்ந்து இழுக்கும் மூச்சிலிருந்து வரலாம், இருமுவதற்கு முன்பு நெஞ்சை நிரப்பும்போது வரலாம், அழுத்தக் காற்று தரும் கருவியிலிருந்தும் வரலாம். சாதாரண மூக்குக் குழாயில் வரும் ஆக்சிஜன் இதைச் செய்வதில்லை. ஏற்கெனவே திறந்திருக்கும் நுண்ணறைகளில் ஆக்சிஜனைச் செறிவாக்கி, மூடிய பகுதியால் வரும் குறையை ஓரளவு ஈடுகட்டுகிறது.

இதைச் சிறிய விஷயமாகச் சொல்லவில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் இதயம், மூளை, தையல் போட்ட திசுக்கள் எல்லாமே தவிக்கும். அந்த நேரத்தில் உயிரைக் காப்பது ஆக்சிஜன்தான். ஆனால் அது நமக்குக் கொடுப்பது அவகாசம். வலியைக் கட்டுப்படுத்துவதும், உட்கார வைப்பதும், சளியை வெளியேற்றுவதும், நடக்க வைப்பதும் அந்த அவகாசத்துக்குள் நடக்க வேண்டும். எண் 97 காட்டுகிறது என்ற நிம்மதியில் நோயாளியை நாள் முழுக்க மல்லாந்து படுக்க விட்டுவிடும் குடும்பங்கள் நிறைய.

அப்படியானால் கொஞ்சம் கூடுதலாகவே வைத்துவிட்டால் பாதுகாப்புதானே?

இதுவும் நியாயமான கேள்விதான். ஆனால் கூடுதல் ஆக்சிஜனுக்கும் விலை உண்டு.

நாம் சுவாசிக்கும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன். நைட்ரஜன் ரத்தத்தில் எளிதில் கலப்பதில்லை. அதனால் அது நுண்ணறைக்குள்ளேயே தங்கி, அது சுருங்கிவிடாமல் முட்டுக்கொடுக்கிறது. மிகச் செறிவான ஆக்சிஜனைக் கொடுத்தால் நைட்ரஜன் அடித்துச் செல்லப்படுகிறது. சளியால் வழி அடைபட்ட நுண்ணறைக்குள் இருக்கும் ஆக்சிஜன் முழுவதையும் ரத்தம் உறிஞ்சிக்கொள்ள, உள்ளே முட்டுக்கொடுக்க எதுவும் இல்லாமல் அது மூடிவிடுகிறது. எந்தச் சிக்கலைத் தடுக்க நினைத்தோமோ அதற்கே வழி செய்ததாகிவிடும்.

இரண்டாவது ஆபத்து இன்னும் நுட்பமானது. காலையில் நிமிடத்துக்கு 2 லிட்டரில் 96 காட்டிய நோயாளி மாலையில் 10 லிட்டரில் 96 காட்டுகிறார் என்று வையுங்கள். எண் ஒன்றுதான். ஆனால் நுரையீரல் காலையில் இருந்த நிலையில் இல்லை. தாராளமாகத் திறந்துவிட்ட ஆக்சிஜன், நுரையீரல் மோசமாவதை எண்ணுக்குப் பின்னால் மறைத்துவிடும். எனவே "எண் எவ்வளவு?" என்று கேட்கும் ஒவ்வொரு முறையும் "எத்தனை லிட்டரில்?" என்றும் சேர்த்துக் கேளுங்கள். செவிலியர் இரண்டையும் சேர்த்தே குறித்துவைத்திருப்பார்.

எந்த எண் சரியான எண்?

பெரும்பாலானவர்களுக்கு 94 முதல் 98 சதவீதம் வரை போதும். 100 தொட வேண்டிய அவசியம் இல்லை.

நாள்பட்ட மூச்சடைப்பு நோயான சி.ஓ.பி.டி. உள்ளவர்கள், அதிக உடற்பருமனால் மூச்சு மந்தமாகிறவர்கள் போன்றோரில் சிலருக்கு ரத்தத்தில் கரியமில வாயு தேங்கும் தன்மை உண்டு. அவர்களுக்கு இலக்கு 88 முதல் 92 வரை என்று பிரிட்டிஷ் மார்பு மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. அளவுக்கு மீறிய ஆக்சிஜன் இவர்களுக்குக் கரியமில வாயுவை மேலும் ஏற்றும். முதலில் தலைவலி, பிறகு தூக்கக் கலக்கம், பிறகு எழுப்பினாலும் எழாத நிலை. 2010இல் டாஸ்மேனியாவில் ஆம்புலன்ஸில் அழைத்துவரப்பட்ட 405 பேரிடம் நடந்த ஆய்வில், தாராளமாக ஆக்சிஜன் பெற்றவர்களைவிட 88 முதல் 92 வரை என்று அளந்து கொடுக்கப்பட்டவர்களில் இறப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. அது அறுவை நோயாளிகளிடம் நடந்ததல்ல. ஆனாலும், புகைப்பழக்கத்தால் நுரையீரல் புற்றுநோய் வந்து அறுவைக்கு வருபவர்களில் பலருக்கு சி.ஓ.பி.டி.யும் சேர்ந்தே இருப்பதால் அந்தப் பாடம் இங்கும் பொருந்தும். உங்களுடையது எந்த இலக்கு என்பதை அறுவைக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மூக்குக் குழாய், மாஸ்க், ஹை ஃப்ளோ, பைபாப்: இவற்றுக்குள் என்ன வேறுபாடு?

மூக்குக் குழாய் நிமிடத்துக்கு 1 முதல் 6 லிட்டர் வரை தரும். நாம் மூச்சை இழுக்கும் வேகம் அதைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால் மிச்சத்துக்கு அறைக் காற்று கலந்துவிடும். ஒவ்வொரு லிட்டருக்கும் செறிவு சுமார் 4 சதவீதம் கூடும் என்பது ஒரு தோராயக் கணக்கு. சாப்பிடலாம், பேசலாம், இருமலாம். அதனால் முதல் தேர்வு பெரும்பாலும் இதுதான்.

சாதாரண மாஸ்க்குக்குக் குறைந்தது 5 லிட்டர் வேண்டும். அதற்குக் கீழே வைத்தால் வெளியே விட்ட மூச்சையே திரும்ப இழுக்க நேரும். வென்டூரி மாஸ்க் 24, 28, 35 சதவீதம் என்று குறிப்பிட்ட செறிவைத் தரும். கரியமில வாயு தேங்குபவர்களுக்கு இது கைகொடுக்கும். பை தொங்கும் மாஸ்க் அவசரத்துக்கானது. அதைப் போட்டிருந்தால் மருத்துவர் அடிக்கடி வந்து பார்ப்பார், பார்க்க வேண்டும்.

ஹை ஃப்ளோ வேறு ரகம். உடல் சூட்டுக்கு இணையாக, 37 டிகிரிக்குச் சூடாக்கி, ஈரப்பதம் ஏற்றிய காற்றை நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை மூக்கின் வழியே செலுத்தும். சளி காய்ந்து இறுகாது. தொண்டையில் தங்கும் கரியமில வாயு அடித்துச் செல்லப்படும். மிதமான அழுத்தமும் கிடைக்கும். வாயை மூடியிருந்தால்தான் அந்த அழுத்தம் ஓரளவு நிற்கும்.

சிபாப், பைபாப் இரண்டும் இறுக்கமான மாஸ்க் வழியாக உண்மையான அழுத்தத்தைத் தருபவை. மூடிய நுண்ணறைகளைத் திறந்து வைக்கும் வேலையை இவை நேரடியாகச் செய்கின்றன. சிரமம் என்னவென்றால் மாஸ்க் முகத்தை இறுக்கும், மூக்குத் தண்டில் புண் வரும், சிலருக்கு மூச்சு முட்டுவது போன்ற பதற்றம் வரும், வயிறு காற்றால் உப்பும்.

விலை உயர்ந்த கருவியை எல்லோருக்கும் முன்கூட்டியே போட்டுவிட்டால் சிக்கலே வராது அல்லவா?

அப்படித்தான் மருத்துவர்களும் எதிர்பார்த்தார்கள். ஆய்வுகள் அவ்வளவு தாராளமாக இல்லை.

நுரையீரல் பகுதி அகற்றப்பட்ட சி.ஓ.பி.டி. நோயாளிகள் 360 பேரிடம் பிரான்சில் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், பாதிப் பேருக்கு அறுவை முடிந்ததும் தடுப்பு நடவடிக்கையாகவே பைபாப் வகைக் கருவி போடப்பட்டது. மறுபாதிக்கு வழக்கமான கவனிப்பு. மூச்சுச் சிக்கல்கள் இரு பக்கமும் ஏறத்தாழ 31 சதவீதம். பலன் இல்லை.

சிக்கல் தொடங்கிவிட்ட பிறகு கதை மாறுகிறது. நுரையீரல் அறுவைக்குப் பின் மூச்சு திணறத் தொடங்கிய 48 பேரிடம் நடந்து 2001இல் வெளியான சிறிய ஆய்வில், பைபாப் வகைக் கருவி பெற்ற 24 பேரில் 3 பேரும் பெறாத 24 பேரில் 9 பேரும் இறந்தார்கள். மீண்டும் தொண்டையில் குழாய் செலுத்தும் தேவையும் பாதிக்கும் கீழே குறைந்தது. சிறிய எண்ணிக்கைதான், ஆனால் புறந்தள்ள முடியாத வேறுபாடு.

ஹை ஃப்ளோவா பைபாப்பா என்ற கேள்விக்கு 2015இல் வெளியான ஆய்வு உதவுகிறது. இதய, மார்பு அறுவை முடிந்து, மூச்சுச் சிக்கல் வந்த அல்லது வரும் வாய்ப்புள்ள 830 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். சிகிச்சை பலிக்காமல் போனது ஹை ஃப்ளோவில் 21.0 சதவீதம், பைபாப்பில் 21.9 சதவீதம். அதாவது ஹை ஃப்ளோ பின்தங்கவில்லை. தோல் புண்ணும் அதில் குறைவு. பல மருத்துவமனைகள் ஹை ஃப்ளோவுக்கு மாறியதில் இந்த ஆய்வுக்குப் பங்கு உண்டு.

என் கருத்தைக் கேட்டால்: கருவி யாருக்கு, எப்போது என்பதில் கவனம் வேண்டும். நன்றாக மூச்சு விட்டு, இருமி, நடக்கிறவருக்குத் தடுப்புக்காக ஒரு பெரிய கருவியை மாட்டினால் அவரைக் கட்டிலோடு கட்டிப்போட்டதாகிவிடும்.

அழுத்தக் காற்றால் தையல் பிரிந்துவிடாதா?

அந்தக் கவலை அறுவை மருத்துவருக்கும் உண்டு. நுரையீரல் முழுவதையும் ஒரு பக்கம் அகற்றியவர்களிடமும், உணவுக்குழாயை வெட்டி இணைத்தவர்களிடமும் அழுத்தத்தைக் குறைவாக வைத்து, அறுவை செய்தவரின் சம்மதத்தோடுதான் தொடங்குவார்கள்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை எவ்வளவு நம்பலாம்?

போக்கைக் காட்டுவதில் நம்பலாம், ஒரே ஒரு எண்ணை வைத்து முடிவெடுப்பதில் எச்சரிக்கை தேவை. விரல் குளிர்ந்திருந்தாலோ, கை நடுங்கினாலோ, நகப்பூச்சு இருந்தாலோ எண் தவறும். கருத்த தோலில் இக்கருவி உண்மையைவிட அதிகமாகக் காட்டக்கூடும். 2020இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோதே ரத்தப் பரிசோதனையில் ஆக்சிஜன் 88க்குக் கீழே இருந்த நிலை, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய 3 மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. எண் நன்றாக இருந்தும் நோயாளி வேகமாக மூச்சு விட்டுக் குழம்பிப் பேசினால் நோயாளியைத்தான் நம்ப வேண்டும்.

இன்னொன்று, ஆக்சிமீட்டருக்குக் கரியமில வாயு தெரியாது. அதற்கு மணிக்கட்டுத் தமனியிலிருந்து ரத்தம் எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

மூன்று பந்துக் கருவியைக் கொடுத்திருக்கிறார்கள். அது உண்மையில் பயன்படுமா?

முதலில், அதை ஊதக் கூடாது. உறிஞ்ச வேண்டும். பந்து மேலே எழும்பினால் போதும் என்று பலர் குழாயை வாயில் வைத்து வேகமாக ஊதிவிடுகிறார்கள். கருவியைத் தலைகீழாகப் பிடித்து ஊதுகிறவர்களும் உண்டு. நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை முழுதும் வெளியே விட்டு, உதடுகளால் குழாயை இறுக்கிக் கவ்வி, மெதுவாக, ஆழமாக இழுக்க வேண்டும். மூன்று பந்தும் படாரென்று மேலே போவதைவிட ஒன்றிரண்டு பந்துகள் சில விநாடிகள் மேலேயே நிற்பது நல்லது. விழித்திருக்கும்போது மணிக்கு 10 முறை என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. தலை சுற்றினால் இடைவெளி விடுங்கள்.

இந்தக் கருவி மட்டும் சிக்கலைக் குறைக்கிறது என்பதற்கு ஆய்வுகளில் வலுவான ஆதாரம் இல்லை. அதற்காகத் தூக்கி எறிய வேண்டாம். ஆழ்ந்து மூச்சிழுக்க நினைவூட்டும் பொருளாக அது கட்டிலருகே இருக்கட்டும். எழுந்து நடப்பதற்கு மாற்றாக மட்டும் அதை எண்ணிவிடாதீர்கள்.

இருமுவதற்கும் முறை உண்டு. ஒரு தலையணையை அறுவைக் காயத்தின் மேல் வைத்து இரு கைகளாலும் நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று முறை ஆழ்ந்து மூச்சிழுங்கள். பிறகு வாயைத் திறந்து, கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல "ஹா" என்று வேகமாகக் காற்றை வெளியே தள்ளுங்கள். சளி தொண்டை வரை ஏறிவந்ததும் ஒரே இருமலில் வெளியேற்றுங்கள். வறட்டுத்தனமாகத் தொண்டையிலிருந்து இருபது முறை இருமுவது வலியைத்தான் கூட்டும்.

வலி மருந்து அதிகமானால் மூச்சு குறைந்துவிடும் என்கிறார்களே, வலியைப் பொறுத்துக்கொள்வது மேல் அல்லவா?

இல்லை. மார்ஃபின் வகை மருந்துகள் அளவு மீறினால் மூச்சை மந்தமாக்கும் என்பது உண்மை. ஆனால் வலியைப் பொறுத்துக்கொள்பவர் ஆழ்ந்து மூச்சிழுக்கமாட்டார், இருமமாட்டார், திரும்பிப் படுக்கவும் மாட்டார். அதன் விளைவு நிமோனியாவில் போய் முடியலாம். இதனால்தான் முதுகெலும்பின் அருகே செலுத்தும் எபிடியூரல் மருந்து, விலா நரம்புகளை மரத்துப்போகச் செய்யும் ஊசி, பாரசிட்டமால் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுத்து மார்ஃபின் தேவையைக் குறைக்கிறார்கள். "இருமும்போது வலி தாங்க முடியவில்லை" என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். அசையாமல் படுத்திருக்கும்போது வலி இல்லை என்பது கணக்கில் வராது.

மார்புக் குழாயின் பாட்டிலில் குமிழி வருகிறது. கொடுக்கும் ஆக்சிஜன் அப்படியே வெளியே போகிறதா?

நுரையீரலின் மேற்பரப்பில் உள்ள சிறு கசிவு வழியாக வரும் காற்றுதான் பெரும்பாலும் அது. பல சமயம் சில நாட்களில் தானாக அடங்கும். குழாயை நீங்களாக மடக்கவோ கட்டவோ கூடாது. பாட்டில் எப்போதும் மார்புக்குக் கீழே, நிமிர்ந்த நிலையில் இருக்க வேண்டும்.

சுவாரசியமான ஒன்று இங்கே உண்டு. நுரையீரலுக்கு வெளியே தங்கிவிட்ட காற்றை உடல் மெதுவாக உறிஞ்சிக்கொள்கிறது. அறைக் காற்றைச் சுவாசிக்கும்போது அந்த வேகம் நாளுக்கு, அந்தப் பக்க மார்பின் கொள்ளளவில் சுமார் 1.25 சதவீதம் என்பது பழைய கணக்கு. செறிவான ஆக்சிஜன் கொடுத்தால் இது பல மடங்கு வேகமாகலாம். நுண்ணறையை மூடச் செய்த அதே நைட்ரஜன் விஷயம்தான் இங்கே நன்மையாக வேலை செய்கிறது.

அறுவைக்கு முன்பே செய்ய வேண்டியது ஏதாவது உண்டா?

புகையை நிறுத்துவது. குறைந்தது 4 வாரம் முன்பே நிறுத்தினால் பலன் தெளிவாகத் தெரியும். நேரம் குறைவு என்றாலும் நிறுத்துங்கள். கடைசி நேரத்தில் நிறுத்தினால் கெடுதல் என்ற பழைய பேச்சை இன்று யாரும் ஏற்பதில்லை. பல் துலக்கி வாயைச் சுத்தமாக வைத்திருப்பதும் முக்கியம். நிமோனியாக் கிருமிகள் பலவும் வாயிலிருந்துதான் நுரையீரலுக்கு இறங்குகின்றன. மூச்சுப் பயிற்சியையும் தலையணை இருமலையும் வலி இல்லாத நாட்களிலேயே பழகிவிடுங்கள்.

முன்பு எப்போதாவது புற்றுநோய்க்கு பிளியோமைசின் என்ற மருந்து ஏற்றியிருந்தால் மயக்க மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அந்த மருந்து பெற்ற நுரையீரலை அதிகச் செறிவுள்ள ஆக்சிஜன் பாதிக்கக்கூடும் என்பதால் அளவைக் கட்டுப்படுத்துவார்கள்.

ஆக்சிஜனுக்கு உடல் பழகி, பிறகு விட முடியாமல் போய்விடுமா?

போகாது. மூடிய நுண்ணறைகள் திறக்கத் திறக்கத் தேவை குறையும். லிட்டரைச் சிறிது சிறிதாகக் குறைத்து, கடைசியில் அறைக் காற்றில் உட்கார வைத்தும் நடக்க வைத்தும் பார்ப்பார்கள். பல நாட்களாகியும் குறைக்க முடியவில்லை என்றால் நிமோனியா, நீர் கோத்தல், ரத்தக்கட்டி, உதரவிதான நரம்பின் பாதிப்பு எனக் காரணத்தைத் தேட வேண்டும்.

வீட்டுக்கும் ஆக்சிஜன் கொடுத்தனுப்பினால் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

தீ. ஆக்சிஜன் தானாக எரியாது, ஆனால் அது சூழ்ந்திருக்கும் துணியும் முடியும் சட்டென்று பற்றிக்கொள்ளும். குழாய் மாட்டியிருக்கும்போது அடுப்பு, மெழுகுவத்தி, சிகரெட் எதன் அருகிலும் போகக் கூடாது. மூக்கு காய்ந்தால் பெட்ரோலியம் ஜெல்லி, எண்ணெய் கலந்த தைலம் எதுவும் தடவாதீர்கள். நீரை அடிப்படையாகக் கொண்ட களிம்பு போதும். காதின் பின்புறம் குழாய் உரசும் இடத்தில் தோல் சிவந்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள். லிட்டரை நீங்களாக ஏற்றவோ குறைக்கவோ வேண்டாம். வீட்டு ஆக்சிஜன் பலருக்குத் தற்காலிகமானதுதான், எனவே தேவை இன்னும் இருக்கிறதா என்று மறுபரிசோதனைக்குப் போகும்போது கேளுங்கள்.

எந்த அறிகுறி வந்தால் காத்திருக்கக் கூடாது?

ஓய்வில் இருக்கும்போதே நிமிடத்துக்கு 25க்கு மேல் மூச்சு, உதடு நீலமாதல், ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாத திணறல், திடீர் நெஞ்சுவலி, ஒரு காலில் மட்டும் வீக்கம், சளியில் ரத்தம், குளிர்காய்ச்சல், புதிதாக வந்த குழப்பம் அல்லது எழுப்ப முடியாத தூக்கம். இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். போகும்போது ஆக்சிமீட்டர் காட்டிய எண்ணையும், அப்போது எத்தனை லிட்டர் ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.